பழுப்புக் கடதாசியும் இஞ்சி பிஸ்கெட்டும்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைய வாழும் டண்டினொங்கில், ரெயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவே இருந்த சிறிதரனின் மருந்துக்கடையில் பழுப்புக் கடதாசிக்கென்றே ஒரு லாச்சி இருந்தது. ஒரே அளவாக வெட்டி, ஓரம் ஓரத்தோடு பொருந்த அடுக்கி வைத்திருப்பார். தமிழ்ப் பெண் ஒருத்தி மாதவிலக்குக்கான 'பாட்' பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால், அவள் அதைக் கவுண்டரில் வைக்கும் முன்பே லாச்சி திறந்துவிடும். மூன்று மடிப்பு, இரண்டு துண்டு ஒட்டுநாடா. முடிந்ததும் பொதி ஒரு கிலோ சீனி போல இருக்கும். மருந்துக்கடையில் சீனி விற்பதில்லை என்பது ஊருக்கெல்லாம் தெரியும். சிறிதரன் கடையிலிருந்து சீனியோடு வெளியே போகிறவள் எதைக் கொண்டு போகிறாள் என்பதும் தெரியும். ஆனாலும் மறைத்தது மறைத்ததுதான். அது ஒரு மரியாதை.

வெள்ளைக்காரப் பெண்களுக்கு அவர் சுற்றிக் கொடுப்பதில்லை. ஒருமுறை கைப்பழக்கத்தில் சுற்றிவிட, அந்த அம்மா சந்தோஷப்பட்டு, "இதை யாருக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்டுவிட்டாள்.

இப்படிப்பட்ட சிறிதரனுக்குத்தான் 2004ஆம் ஆண்டு பிறந்த அன்றே சோதனை வந்தது. கருத்தங்காமல் தடுக்கும் அவசரக் குளிசையை இனி டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமலே மருந்தாளர் கொடுக்கலாம் என்று சட்டம் மாறியது. மூன்று நாளுக்குள் எடுக்க வேண்டிய குளிசை. வார இறுதியில் டொக்டரைத் தேடி அலைய முடியாது. நல்ல சட்டம்தான் என்று சிறிதரனும் சொன்னார். சொல்லிவிட்டு விதிகளை வாசித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. கொடுப்பதற்கு முன் மருந்தாளர் அந்தப் பெண்ணிடம் தானே ஆறு கேள்விகள் கேட்க வேண்டும். தனியாக. நேருக்கு நேர்.

ஆங்கிலத்தில் கேட்பது பெரிய காரியமில்லை. ஆங்கிலத்தில் அவர் எதையும் கேட்பார். தமிழில்? டண்டினொங்கின் அரைவாசித் தமிழ்ப் பெண்களுக்கு அவர் "சிறி அண்ணை". அண்ணையாக இருந்துகொண்டு ஒரு தங்கச்சியிடம் "கடைசியாக எப்ப..." என்று எப்படித் தொடங்குவது?

எதையும் முறையாகச் செய்கிற மனிதர் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறு கேள்விகளையும் நல்ல தமிழில் எழுதி, தட்டச்சு செய்து, பத்துப் பிரதி எடுத்தார். பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினார்.

"இறுதியாக உறவு நிகழ்ந்து எத்தனை மணித்தியாலங்கள் கடந்துள்ளன?"

கதவுக்கு வெளியே மனைவி ரஞ்சினியின் குரல் கேட்டது. "ஆரோடை கதைக்கிறியள்?"

"ஒருத்தரோடையும் இல்லை. வேலை விசயம்."

"குளிக்கிற அறைக்குள்ளை என்ன வேலை விசயம்? எத்தினை மணித்தியாலமெண்டு என்னைக் கேட்டிருந்தா நான் வருசக்கணக்கிலை சொல்லியிருப்பன்."

சிறிதரன் குழாயைத் திறந்துவிட்டார்.

மூன்று வாரம் ஒரு தமிழ்ப் பெண்ணும் அதற்காக வரவில்லை. பிரதிகள் பத்தும் லாச்சியில் பழுப்புக் கடதாசிக்குக் கீழே பத்திரமாகக் கிடந்தன. அவருக்கு மெல்ல மூச்சு வந்தது.

ஜனவரி இருபத்தேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது ஐந்துக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தால், பின்னால் யந்திரங்கள் இரைகிற சத்தம்.

"அண்ணை, நான் வரதன். தொழிற்சாலையிலை இருந்து எடுக்கிறன்."

வரதராஜாவைச் சிறிதரனுக்கு நன்றாகத் தெரியும். பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன். மனைவி யோகா, இரண்டு பெண்பிள்ளைகள், தாய் இராஜேஸ்வரி அன்ரி என்று நாலு பெண்களுக்கு நடுவே வாழ்கிறவன். ஆகையால் அதிகம் கதைக்காதவன்.

"என்ன வரதன், சுகமில்லையோ?"

"எனக்கொண்டுமில்லை. அண்ணை, ஏதோ ஒரு சாமான் இப்ப துண்டில்லாமல் தரலாமாமே... சனிக்கிழமை ஒரு கலியாணவீட்டுக்குப் போனனாங்கள். ரெண்டு பியர் குடிச்சனான். பிறகு வீட்டை வந்து... கவனமில்லாமல் போச்சு."

சிறிதரனுக்கு விளங்கிவிட்டது. "எத்தினை மணி?"

"கலியாணமோ?"

"மற்றது."

"பத்தரை இருக்கும்."

சிறிதரன் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். சனி இரவு பத்தரை, ஞாயிறு பத்தரை, திங்கள் பத்தரை. "இண்டைக்கு இரவு பத்தரைக்குள்ளை எடுக்கவேணும். எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது. நேற்றே வந்திருக்கலாமே?"

"நேற்று லீவு, உங்கடை கடை பூட்டு. திறந்திருந்த ஒரு கடைக்குப் போனனாங்கள். வரிசையிலை முன்னுக்கு எங்கடை தெருச் சந்திரகலா நிக்கிறா. என்ன வாங்க வந்தனியள் எண்டு கேட்டா. இருமல் மருந்தெண்டு சொல்லி, அதை வாங்கிக்கொண்டு வந்திட்டம்."

"சரி. யோகாவை அனுப்பும். அவவோடை நான் தனியக் கதைக்கவேணும்."

"அவவோடையோ? அண்ணை, அவ உங்களை அண்ணை எண்டு கூப்பிடுறவ!"

"நான் என்ன செய்ய, வரதன்? விதியிலை அண்ணைக்கு விலக்கில்லை."

"அண்ணை, அவவுக்கு நேர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. நாலாம் தரம் இங்கிலீஷ் சோதனை எடுத்துத்தான் பாஸ் பண்ணினவ. வாற திங்கள் நேரை போய்ப் பதியவேணும், இல்லாட்டி இடம் போயிடும். இப்ப ஒண்டு வயித்திலை வந்தா... ஆறு வருசம் தொழிற்சாலையிலை கோழி வெட்டின பிள்ளை அண்ணை அது."

"அனுப்பும் எண்டனான்."

"அம்மாவும் வருவா."

சிறிதரன் ஒரு கணம் கண்ணை மூடினார். "வரட்டும். அம்மாவை நான் பாக்கிறன்."

இராஜேஸ்வரி அன்ரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சந்தை நாட்களில் தள்ளுவண்டியோடு புறப்படுகிற அன்ரி, தன் தெருவிலும் அடுத்த தெருவிலும் உள்ள தமிழ் வீடுகளின் மருந்துத் துண்டுகளையெல்லாம் வாங்கிக்கொண்டு வருவார். சிறிதரன் கடையில் கொடுப்பார். திரும்பும்போது வீடு வீடாக மருந்தைச் சேர்ப்பார். ஒரு சதம் வாங்குவதில்லை. வாசலில் ஒரு தேத்தண்ணியும் கால் மணி நேரக் கதையும்தான் கூலி. ஆருக்குச் சலரோகம், ஆருக்கு மூலம், ஆருக்கு நித்திரை வரவில்லை எல்லாம் அன்ரியின் தள்ளுவண்டிக்குத் தெரியும். யோகா மாதா மாதம் எடுத்த கருத்தடைக் குளிசையை நிறுத்தியதற்கும் அதுதான் காரணம். அந்தத் துண்டு அந்த வண்டியில் ஏற முடியாது. மூன்றாவது பிள்ளை ஆணாகப் பிறக்க வேண்டும் என்று அன்ரி நேர்த்தி வைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. முதலில் முருங்கைக்காய், பிறகு அன்ரி, கடைசியில் யோகா. நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"தம்பி, இந்தா," என்று அன்ரி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் வைத்தார். "இது மூலை வீட்டுக்காரருக்கு, கொலஸ்ரோல். நண்டைக் குறைக்கச் சொன்னா கேக்கிறாரில்லை. இது பச்சைக் கதவு வீடு, நித்திரைக் குளிசை. மருமகள் வந்த நாளிலை இருந்து. இது..."

"அன்ரி, உங்கடை பிரஷர் பாத்து எவ்வளவு நாள்?"

"போன மாசம் பாத்தனீர்தானே."

"அது கொஞ்சம் கூட. வாங்கோ, இருங்கோ." சுவரோரம் யந்திரத்துக்குப் பக்கத்துக் கதிரையில் அவரை இருத்தி, கையில் பட்டியைக் கட்டினார் சிறிதரன். "இனி ஐஞ்சு நிமிசம் அசையாமல், பேசாமல் இருக்கவேணும். பிறகு அது தானா அமத்தும். கதைச்சா பிழையாக் காட்டும்."

"அப்ப போன முறை ஏன் உதைச் சொல்லேல்லை?"

"அதுதான் போன முறை கூடக் காட்டினது. சரி, இப்ப தொடங்குது. ஒரு சொல்லும் கூடாது."

அன்ரி வாயை மூடினார். வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கலாம். கன்னங்கள் இரண்டும் உப்பின.

கடையின் கோடியில், வைட்டமின் அலுமாரிக்குப் பக்கத்தில், தனியாகப் பேசுவதற்கென்று இரண்டு கதிரை போட்ட மூலை ஒன்று இருந்தது. யோகா ஒன்றில் இருந்தாள். சிறிதரன் மற்றதில் இருந்து, தாளை விரித்து, தொண்டையைச் செருமினார். குளியலறையில் வந்த குரல் இங்கே வரவில்லை. மறுபடி செருமினார்.

"இறு..." என்றார். "இறுதி..." அதற்கு மேல் போகவில்லை.

யோகாவுக்கு இரக்கமாகிவிட்டது. கையை நீட்டினாள். "தாங்கோ அண்ணை. நான் எழுதித் தாறன்."

சிறிதரன் தாளையும் பேனையையும் கொடுத்துவிட்டு வைட்டமின் போத்தல்களை எண்ணத் தொடங்கினார். யோகா சோதனை எழுதிப் பழகியவள். முழங்காலில் தாளை வைத்து, கேள்வியை இருமுறை வாசித்து, விறுவிறென்று எழுதினாள். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்தாள்.

"அண்ணை, அஞ்சாவது கேள்வி, 'வேறு மருந்துகள் ஏதேனும் உட்கொள்கின்றீரா' எண்டிருக்கு. இருமல் மருந்தைச் சேக்கிறதோ?"

"குடிச்சனீங்களோ?"

"வாங்கிப் போட்டம், சும்மா ஏன் எண்டு அவர் குடிச்சவர்."

"அப்ப சேக்கத் தேவையில்லை."

தாளை வாங்கிப் பார்த்தார். ஆறு விடைகளும் சரியாக இருந்தன. ஒரு ஆசிரியரின் திருப்தி அவர் முகத்தில் வந்தது. குளிசைப் பெட்டியை எடுத்து வந்தார். "ஒண்டு இப்ப, என்ரை முன்னாலை. மற்றது பன்னிரண்டு மணித்தியாலத்தாலை. மாச நாள் சில வேளை முந்தும், சில வேளை பிந்தும். ஒரு கிழமைக்கு மேலை பிந்தினா வந்து சொல்லுங்கோ." வெறுவயிற்றில் எடுத்தால் குமட்டும் என்று இரண்டு இஞ்சி பிஸ்கெட்டும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுத்தார். யோகா குளிசையைப் போட்டு, தண்ணீரைக் குடித்து, பிஸ்கெட்டைக் கடித்தாள்.

இதுவரை எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. ஒரு விஷயம்தான் மிச்சம், எல்லாவற்றிலும் முக்கியமானது. முக்கியமானதை உரத்துச் சொல்ல வேண்டும் என்பது சிறிதரன் படித்த பள்ளிக்கூடத்தின் பழக்கம்.

"வாந்தி வந்தா," என்றார் தெளிவாக, "ரெண்டு மணித்தியாலத்துக்குள்ளை வாந்தி வந்தா, உடனை எனக்குச் சொல்லவேணும்!"

சுவரோரம் யந்திரம் 'பீப்' என்றது.

சிறிதரன் போய்ப் பார்த்தார். நூற்று எழுபத்தெட்டு. "அன்ரி, நல்லாக் கூடியிருக்குது!"

அன்ரி அதைக் காதில் வாங்கவில்லை. பட்டியைக் கழற்றிக்கொண்டார். மருமகளைப் பார்த்தார். அவள் கையில் பாதி பிஸ்கெட், மற்றக் கையில் பழுப்புக் கடதாசியில் சுற்றிய ஒரு சின்னப் பொதி. மாதா மாதம் வருகிற பெரிய பொதி அல்ல, சின்னப் பொதி. அன்ரி சிரித்தார். மருந்துகளை வாங்கி வண்டியில் போட்டார். தன் கையிலிருந்த பையையும் யோகாவிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு, "மெல்ல வா பிள்ளை, படி இருக்கு," என்று வெளியே போனார்.

ஒரே வசனத்தோடு போகிற இராஜேஸ்வரி அன்ரியை அந்தக் கடை கண்டதில்லை. சிறிதரன் அப்போதே பயந்திருக்க வேண்டும். அவரோ, வாயை மூட ஒரு நல்ல வழி கண்டுபிடித்தோம் என்று சந்தோஷப்பட்டு, யோகா எழுதிய தாளை இரும்பலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

புதன்கிழமை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது ரஞ்சினி சோற்றுக் கோப்பையை மேசையில் 'டக்'கென்று வைத்தாள்.

"ஊரெல்லாம் தெரியுது, எனக்குச் சொல்லேல்லை."

"என்ன?"

"யோகாவுக்கு மூண்டாவது எண்டு. நீங்கள்தானாம் முதலிலை கண்டு பிடிச்சனீங்கள். வாந்திக்குப் பிஸ்கெட்டும் குடுத்தனீங்களாம்."

சிறிதரன் எடுத்த கவளத்தைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். "ஆர் சொன்னது?"

"அன்ரி. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, மூண்டு மாசம் போகட்டும் எண்டு ஒவ்வொரு வீட்டிலையும் சொல்லிச் சொன்னவ."

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப பிஸ்கெட் ஏன்?" என்று வரும். கடைக்கு வந்த ஒருத்தியின் விஷயத்தை வீட்டில் பேசுவது தொழிலுக்குத் துரோகம். "நான் ஒண்டும் சொல்லேலாது," என்றார்.

"ஓம், ஓம். அப்ப உண்மைதான்," என்றாள் ரஞ்சினி.

வியாழக்கிழமை யோகா தொலைபேசியில் வந்தாள். அழுகையும் கோபமும் கலந்த குரல். "அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? விடிய இருந்து மூண்டு பேர் மாங்காயோடை வந்திட்டினம்!"

"இல்லை எண்டு சொல்லுறதுதானே?"

"சொன்னனான். 'ஓம், ஓம், மூண்டு மாசம் அப்பிடித்தான் சொல்லவேணும்' எண்டு கன்னத்தைத் தட்டிப்போட்டுப் போகினம். நான் இல்லை இல்லை எண்டு சொல்லச் சொல்ல, அவைக்கு அது இன்னும் உறுதியாகுது. மாமி என்னைச் சமைக்கக் குசினிக்குள்ளையே விடுறா இல்லை. படிப்பை வாற வருசம் பாப்பமாம். இந்த நிலையிலை ரெயினிலை இடிபடக் கூடாதாம். பதியிற கடிதத்தை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பின்னாலை வைச்சிட்டா."

"வரதன் என்ன சொல்லுறார்?"

"அம்மாட்டை நான் சொல்லுறன் எண்டு போனவர். கராஜுக்குள்ளை நிண்டு காரைக் கழுவுறார். மூண்டாம் தரம்."

சிறிதரன் நெற்றியைத் தடவினார். "நான் அன்ரியோடை கதைக்கட்டோ? நீங்கள் ஓமெண்டால்தான் கதைக்கலாம். ஆனா பிள்ளை இல்லை எண்டால் வேறை என்னத்துக்கு வந்தவ எண்டு கேப்பா."

"வேண்டாம் அண்ணை," என்றாள் யோகா. "அதைக் கேட்டா மாமி வாழ்நாள் முழுக்க என்னோடை கதைக்க மாட்டா. இல்லாட்டி வாழ்நாள் முழுக்க அதையே கதைப்பா. எது மோசமெண்டு எனக்குத் தெரியேல்லை."

வெள்ளிக்கிழமை அன்ரி தனியாக வந்தார். நேரே சத்து மருந்து அலுமாரிக்குப் போய், கர்ப்பிணிகளுக்கான பெரிய போத்தலை எடுத்து வந்து வைத்தார்.

"இதைத் தா தம்பி."

"ஆருக்கு அன்ரி?"

"ஆருக்கோ!" அன்ரி ஒரு கண்ணைச் சிமிட்டினார். "நல்லா நடிக்கிறாய்."

"ஆருக்கு மருந்தோ அவவோடை நான் கதைக்காமல் தரேலாது."

"நீதான் கதைச்சிட்டியே!"

"கதைச்சபடியால்தான் சொல்லுறன், இப்ப இது தேவையில்லை."

"ஆ, இப்ப தேவையில்லை. ரெண்டாம் மாசத்திலை இருந்து. விளங்குது, விளங்குது." போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு, அன்ரி சிறிதரனின் கையைப் பிடித்து அழுத்தினார். "ரகசியம் காக்கிற பிள்ளை நீ. என்னைப் போல."

அன்று பின்னேரம் முழுக்கச் சிறிதரன் மாத்திரைகளைத் தப்பாக எண்ணித் திரும்பத் திரும்ப எண்ணினார். பேசினால் யோகாவின் குடும்பம், பேசாவிட்டால் யோகாவின் படிப்பு. இடையில் இருப்பது இரண்டு நாள். திங்கட்கிழமை அவள் போகாவிட்டால் அந்தக் கதிரையில் வேறொருத்தி இருப்பாள். யோகா திரும்பவும் கோழி வெட்டப் போவாள். எல்லாம் இரண்டு இஞ்சி பிஸ்கெட்டால் வந்த வினை.

சனிக்கிழமை சந்தை நாள். கடை நிரம்பி வழிந்தது. பத்தரை மணிக்கு வரிசையில் ஐந்தாறு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். முன்னால் தள்ளுவண்டியோடு அன்ரி. அவருக்குப் பின்னால் சந்திரகலா, அன்ரியின் கதையை வாய் பிளந்து கேட்டபடி.

"...நான் பட்டியோடை இருக்கிறன், வாய் திறக்கேலாது. தம்பி சொல்லுறது கேக்குது, வாந்தி வந்தா உடனை சொல்லு எண்டு. பிஸ்கெட் குடுக்கிறார், தண்ணி குடுக்கிறார். எனக்கு நெஞ்சு அடிக்குது. நூற்று எழுபத்தெட்டு!"

"குடுத்து வைச்சனீங்கள் அன்ரி," என்றாள் சந்திரகலா. "எத்தினையாம் மாசம்?"

"சீ, அதெல்லாம் இப்ப சொல்லக்கூடாது. ஒக்ரோபரிலை."

அப்போது வாசல் மணி அடித்தது. யோகா உள்ளே வந்தாள். தனியாக. வீட்டிலிருந்து இருபத்தைந்து நிமிடம் வெயிலில் நடந்து வந்திருந்தாள், நெற்றியெல்லாம் வியர்வை.

"ஐயோ பிள்ளை! நடந்தே வந்தனீ?" என்று அன்ரி பதறினார். "கதிரை, கதிரை! ஆரும் கதிரை குடுங்கோ!"

யோகா நிற்கவில்லை. நேரே மூன்றாவது அலுமாரிக்குப் போனாள். மேல்தட்டை நோக்கிக் கையை உயர்த்தி, இருப்பதில் மிகப் பெரிய பாட் பெட்டியை எடுத்தாள். இருபத்து நாலு உள்ள பெட்டி; ஊதா நிறம்; தூரத்திலிருந்தே தெரியும். அதை மார்போடு அணைத்து மறைக்கவில்லை. கையில் தொங்கவிட்டபடி, வரிசை முழுவதையும் கடந்து வந்து, கவுண்டரின் நடுவில் வைத்தாள்.

சிறிதரனின் கை தன் பாட்டில் லாச்சியைத் திறந்து ஒரு பழுப்புக் கடதாசியை எடுத்துவிட்டது.

"சுத்தாதேங்கோ அண்ணை," என்றாள் யோகா.

சிறிதரனின் கை நடுவழியில் நின்றது. இருபது வருடத் தொழிலில் இப்படியொரு சொல்லை அவர் கேட்டதில்லை. "சும்மா... ஒரு மடிப்பு..."

"ஒரு மடிப்பும் வேண்டாம். இப்பிடியே கொண்டு போறன்."

"பிள்ளை," என்றார் அன்ரி. குரல் இறங்கியிருந்தது. "உது ஆருக்கு?"

"எனக்குத்தான் மாமி. விடிய வந்தது." யோகா திரும்பி வரிசையைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "நான் இல்லை இல்லை எண்டு நாலு நாளாச் சொல்லுறன். ஒருத்தரும் கேக்கேல்லை. இதையெண்டாலும் பாருங்கோ. திங்கட்கிழமை எட்டேகால் ரெயினிலை நான் பதியப் போறன். கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னாலை இருந்து எடுத்திட்டன். சாமி ஒண்டும் சொல்லேல்லை."

அன்ரி பெட்டியைப் பார்த்தார், யோகாவைப் பார்த்தார், சிறிதரனைப் பார்த்தார். அன்ரியின் வாய் திறந்தது. சிறிதரன் காத்திருந்தார்: பிஸ்கெட் ஏன், வாந்தி ஏன், அந்தச் சின்னப் பொதி என்ன. மூன்று கேள்வியும் அன்ரியின் நாக்கு நுனியில் வந்து நிற்பது அவருக்கே தெரிந்தது. கேட்டால் கடை முழுக்கக் கேட்கும். அன்ரி ஏழு பிள்ளை பெற்றவர்; விளங்காதவர் அல்ல. வாய் மெல்ல மூடியது.

தள்ளுவண்டியைச் சந்திரகலாவின் பக்கம் தள்ளிவிட்டு, அன்ரி சுவரோரக் கதிரையில் போய் அமர்ந்தார். சட்டைக் கையைத் தானே மேலே இழுத்தார்.

"தம்பி, உந்தப் பட்டியைக் கட்டிவிடு. நான் ஒரு ஐஞ்சு நிமிசம் பேசாமல் இருக்கவேணும்."

சிறிதரன் கட்டிவிட்டார். யோகா அசையாமல் நின்றாள், பெட்டியில் ஒரு கையை வைத்தபடி. ஐந்து நிமிடமும் நீண்டு, நீண்டு, கடைசியில் யந்திரம் அமுக்கி, 'பீப்' என்றது.

"நூற்று ஐம்பது," என்றார் சிறிதரன். "இறங்கியிருக்கு அன்ரி."

அன்ரி எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டார். "எட்டேகால் ரெயினெண்டா ஏழரைக்குச் சாப்பாடு கட்டவேணும்," என்றார், யோகாவைப் பார்க்காமல். "உன்ரை மனுசன் எழும்பாது. நான்தான் எழும்பவேணும். அது கிடக்கட்டும், மாங்காய் கொண்டு வந்தவைக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"ஊறுகாய் போட்டாச்செண்டு சொல்லுங்கோ மாமி."

"சொல்லுவாய்! நீயோ அவையின்ரை வாசலிலை ஏறி இறங்கிறது?" அன்ரி வண்டியைப் பிடித்தார். பிறகு ஏதோ நினைத்தவராய்க் கவுண்டருக்கு வந்து, ஊதாப் பெட்டியை எடுத்து, முருங்கைக்காய்க்கு மேலே, எல்லாருக்கும் தெரியும்படி வைத்தார். "நட. வெயிலிலை திரும்பவும் நடக்கிறதில்லை, பஸ்சிலை போவம். நேர்சுக்குப் படிக்கிறவவுக்குத் தொப்பி போடத் தெரியேல்லை."

ஊதாப் பெட்டி தள்ளுவண்டியில் குலுங்கிக் குலுங்கிச் சந்தைப் பக்கம் போவதைக் கடையிலிருந்த எல்லாரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவரவர் மருந்தை வாங்கிக்கொண்டு, வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசி, ஒவ்வொருவராகப் போனார்கள்.

சந்திரகலா மட்டும் போகவில்லை. பற்பசை பார்த்தாள், சவர்க்காரம் முகர்ந்தாள், இருமல் மருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். கடையில் வேறு தமிழ் முகம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கவுண்டருக்கு வந்தாள். நாலு நாளாகக் கேட்ட கதையையும் இன்று கண்ட பெட்டியையும் அவள் மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"சிறி அண்ணை," என்றாள் மெல்ல. "அந்த மூலையிலை இப்ப ஆரும் இருக்கினமோ?"

"இல்லை," என்றார் சிறிதரன்.

"நீங்கள் ஏதோ கேள்வி கேப்பியளாம். வாயாலை வேண்டாம். எழுதித் தரலாமோ?"

சிறிதரன் லாச்சியைத் திறந்தார். பழுப்புக் கடதாசிக் கட்டைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அடியில் கிடந்த ஒன்பது பிரதியில் ஒன்றை எடுத்தார். பேனையை எடுத்தார். தண்ணீருக்குக் கிளாசை எடுத்தார். பழக்கத்தில் பிஸ்கெட் டின்னுக்கும் கையை நீட்டினார்.

சந்திரகலா அவர் கையைத் தடுத்தாள்.

"அது மட்டும் வேண்டாம் அண்ணை. அதுதான் ஆளைக் காட்டிக் குடுக்குது."